தமிழ்வழியில் பத்து முடித்து ஆங்கிலவழி பிளஸ் ஒன் சேர்கிறீர்களா? இயற்பியல் சொற்களுக்கு இப்படித் தயாராகுங்கள்

பத்தாம் வகுப்பு வரை கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் தமிழ்வழியில் படித்தவள் நான். அறிவியலில் 94 மதிப்பெண். அந்தத் தைரியத்தில் பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்தேன். முதல் இடைப்பருவத் தேர்வில் இயற்பியலில் 50க்கு 11 வாங்கினேன்.

அந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் போனேன். ஒரு கப்பி, ஒரு கயிறு, இரண்டு பக்கமும் இரண்டு நிறைகள் தொங்குகிற கணக்கு. கேள்வியில் 'லைட் ஸ்டிரிங்' என்று இருந்தது. கயிற்றுக்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் கணக்கையே விட்டுவிட்டு வந்திருந்தேன். சார் அதே கணக்கைத் தமிழில் சொன்னார். நாலு நிமிடத்தில் போட்டு முடித்தேன். "மக்கா, உனக்குப் பாடம் தெரியும். பேருதான் தெரியல" என்றார்.

இந்த ஜூனில் என் தம்பி அதே பிரிவில் சேர்கிறான். அவனுக்காக எழுதி வைத்ததை உங்களுக்கும் தருகிறேன். விசை, இயக்கம், காந்தவியல் மூன்றையும் மட்டும் எடுத்திருக்கிறேன். மேல்நிலை இயற்பியலின் பெரும்பகுதி இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

1. முதலில் முடிவு, அப்புறம் காகிதங்கள்

ஆங்கிலவழிக்கு மாறுவதால் என்ன போகும் என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தமிழக அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, அந்த வேலைக்குக் கேட்கப்படும் கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட வேலைகளுக்கு நீங்கள் ஏற்கெனவே முடித்த படிப்பு போதும். பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளுக்கு, பிளஸ் ஒன்னில் மாறிவிட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை.

மருத்துவச் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பயிற்றுமொழி அதில் வராது.

பழைய பள்ளியை விட்டு வரும்போது மாற்றுச் சான்றிதழில் பயிற்றுமொழி 'தமிழ்' என்று சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழையும் தலைமையாசிரியரிடம் அப்போதே கேளுங்கள். நாலு வருடம் கழித்துத் தேடிப் போனால் பழைய பதிவேட்டை எடுக்கவே நாலு நடை நடக்க வேண்டிவரும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவிபெறும் பள்ளியில் சேர்வதாக இருந்தால் அந்த ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள். சுயநிதி என்றால் கட்டணம் உண்டு. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, எத்தனை தவணை என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

2. புத்தகங்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்பது, பத்து அறிவியலும் பிளஸ் ஒன் இயற்பியலும் தமிழில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி இறக்கிக்கொள்ளுங்கள். முழுப் புத்தகத்தையும் அச்செடுக்கத் தேவையில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்பதாம் வகுப்பின் இயக்கம், காந்தவியல் பாடங்களும் பத்தாம் வகுப்பின் இயக்க விதிகள் பாடமும்தான். தம்பிக்கு இரண்டு மொழியிலும் சேர்த்து பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்து அச்செடுத்தேன், 200 ரூபாய்க்குள் முடிந்தது.

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படங்களும் கணக்குகளும் ஒரே வரிசையில்தான் இருக்கும். தமிழில் ஒரு பத்தி, உடனே அதே பத்தி ஆங்கிலத்தில். ஆரம்பத்தில் நான் ஆங்கிலப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டினேன். ஒரு மாதம் வீணாய்ப் போனது. சாதாரண அகராதியில் 'ஃபீல்டு' என்றால் வயல் என்றுதான் முதலில் வரும். காந்தத்தைச் சுற்றி இருப்பது புலம்.

3. நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்

நீளமான நோட்டு ஒன்று போதும். முதல் கட்டத்தில் தமிழ்ச் சொல், இரண்டாவதில் ஆங்கிலப் பெயர், மூன்றாவதில் அலகு, நாலாவதில் நீங்கள் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம். இந்த நாலாவது கட்டத்தைத்தான் பலரும் காலியாக விடுவார்கள், விடாதீர்கள். புத்தகத்தில் உள்ள உதாரணத்தை அப்படியே எழுதினால் அது புத்தகத்தோடு போய்விடும். நம்ம ஊர் உதாரணம் என்றால் தேர்வு அறையிலும் ஓர்மை வரும்.

மூன்றாவது கட்டம் உங்களைக் காப்பாற்றும் கட்டம். கேள்வியில் ஒரு சொல் புரியாவிட்டாலும் பக்கத்தில் நியூட்டன் என்று இருந்தால் அது ஏதோ ஒரு விசை, ஜூல் என்று இருந்தால் வேலை அல்லது ஆற்றல், டெஸ்லா என்று இருந்தால் காந்தப்புலம் என்று பிடித்துவிடலாம்.

4. முதல் வாரம்: இயக்கமும் விசையும்

தொலைவு என்பது டிஸ்டன்ஸ், இடப்பெயர்ச்சி என்பது டிஸ்பிளேஸ்மெண்ட். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸில் போய் முக்கடல் பார்த்துவிட்டு அதே நிறுத்தத்தில் வந்து இறங்கினால் தொலைவு 40 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சி பூஜ்யம். வேகம் ஸ்பீடு, திசைவேகம் வெலாசிட்டி. தமிழில் 'திசை' சொல்லிலேயே இருக்கிறது, அதனால் நமக்கு இது மறக்காது. ஆங்கிலத்தில் இரண்டு பெயரும் ஒட்டு உறவு இல்லாமல் நிற்கும், அலகும் இரண்டுக்கும் ஒன்றுதான். வெலாசிட்டி என்று பார்த்தவுடன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். திசை உள்ள அளவு வெக்டர், இல்லாதது ஸ்கேலர்.

முடுக்கம் ஆக்சிலரேஷன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பைக்கில் ஆக்சிலரேட்டர் என்றால் நாம் வேகம் கூட்டுவதை மட்டும் நினைக்கிறோம். இயற்பியலில் திசைவேகம் எப்படி மாறினாலும் முடுக்கம்தான். பிரேக் பிடிப்பதும் முடுக்கம், அதற்கு எதிர்முடுக்கம், ஆங்கிலத்தில் ரிட்டார்டேஷன் என்று பெயர். அதே வேகத்தில் பஸ் வளைவில் திரும்பினால் அதுவும் முடுக்கம், திசை மாறுகிறதே. அந்த வளைவில் உள்ளே இழுக்கிற மையநோக்கு விசை சென்ட்ரிபீட்டல், வெளியே தள்ளுவதாக நாம் உணர்கிற மையவிலக்கு விசை சென்ட்ரிஃப்யூகல். இரண்டையும் மாற்றி எழுதாதவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டு பேர்தான்.

நிலைமம் இனர்ஷியா. பஸ் சட்டென்று நின்றால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள் இல்லையா, அது. நிறையும் திசைவேகமும் பெருக்கினால் உந்தம், அது மொமெண்டம். கணத்தாக்கு இம்பல்ஸ், விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் வருவது.

இதற்கு என்னிடம் உள்ள உதாரணம் குளச்சல் கடற்கரையில் பார்த்தது. வள்ளம் கரையைத் தொடும் முன்பே ஒருவர் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில் இருந்து தண்ணீரில் சாடினார். அவர் முன்னால் வர, வள்ளம் பின்னால் நகர்ந்தது. கரையில் நின்றவர் வடத்தைப் பிடித்து நிறுத்தினார். வடம் முறுகி, தண்ணீர் சொட்டச் சொட்ட விறைத்து நின்றது. சாடியவரின் கால் வள்ளத்தைத் தள்ளியது செயல் விசை, வள்ளம் அவரைத் தள்ளியது எதிர்ச்செயல் விசை, இது மூன்றாம் விதி. அவருக்குக் கிடைத்த உந்தம் எவ்வளவோ அவ்வளவு எதிர்த்திசையில் வள்ளத்துக்கும் கிடைத்தது. விறைத்து நின்ற வடத்தில் இருப்பது இழுவிசை, ஆங்கிலத்தில் டென்ஷன். ஒரு காட்சியில் நாலு சொல். இப்படி ஒன்றை நீங்களும் தேடிப் பிடியுங்கள்.

நிறையும் எடையும் தனியாகச் சொல்ல வேண்டியவை. நிறை மாஸ், அலகு கிலோகிராம். எடை வெயிட், அது ஒரு விசை, அலகு நியூட்டன். மார்த்தாண்டம் சந்தையில் ஒரு நேந்திரன் குலையைத் தராசில் வைத்து "எடை 10 கிலோ" என்பார்கள். இயற்பியல் விடைத்தாளில் அதன் நிறை 10 கிலோகிராம், எடை 98 நியூட்டன். சந்தையில் பேசுவது போல விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும்.

5. தெரிந்த சொல் போலத் தோன்றுபவை

தெரியாத சொல் ஆபத்தில்லை, தெரியாது என்று உங்களுக்கே தெரியும். தினமும் வீட்டில் பேசுகிற ஆங்கிலச் சொல் இயற்பியலில் வேறு பொருளில் வந்து நிற்கும்போதுதான் சறுக்குவோம். நான் இழந்த மதிப்பெண்களில் முக்கால்வாசி இங்கே போனவைதான்.

லைட் ஸ்டிரிங் என்றால் நிறையைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத கயிறு. கூடவே 'இன்எக்ஸ்டென்சிபிள்' என்று வரும், நீளாத கயிறு என்று பொருள். ஸ்மூத் என்றால் வழவழப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உராய்வு இல்லை என்று கேள்வி உங்களுக்குச் சொல்கிறது. ரஃப் என்று இருந்தால் உராய்வைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இந்த ஒரே சொல்லில் விடை மாறிவிடும்.

நார்மல் என்றால் சாதாரணம் கிடையாது, பரப்புக்குச் செங்குத்து. நார்மல் ஃபோர்ஸ் என்பது மேசை தன் மேல் இருக்கும் புத்தகத்தைச் செங்குத்தாகத் தள்ளும் விசை. பாடி என்றால் உடம்பு கிடையாது, பொருள். ரெஸ்ட் என்பது ஓய்வு நிலை, அதாவது தொடக்கத் திசைவேகம் பூஜ்யம். 'ஃப்ரம் ரெஸ்ட்' என்று பார்த்தவுடன் விடைத்தாளில் அந்தப் பூஜ்யத்தை எழுதிவிடுங்கள். யூனிஃபார்ம் என்றால் சீரான. கான்ஸ்டன்ட் மாறாதது, அதுவே பெயராக வந்தால் மாறிலி. நெட் ஃபோர்ஸ் என்பது எல்லா விசையும் சேர்ந்த நிகர விசை.

மொமெண்டம், மொமெண்ட் இரண்டும் அக்கா தங்கை போலக் கேட்கும். ஒன்று உந்தம், இன்னொன்று திருப்புத்திறன். கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் லேசாகத் திறக்கும், கீல் பக்கம் தள்ளினால் திறக்காது, அது திருப்புத்திறன். டார்க் (torque) என்று வந்தாலும் இதுதான். சம அளவில் எதிர்த்திசையில் இரண்டு விசை சேர்ந்து ஒன்றைத் திருப்பினால் இரட்டை, ஆங்கிலத்தில் கப்பிள். தண்ணீர்க் குழாயை இரண்டு விரலால் திருகுவது நினைவில் இருக்கட்டும். திருப்புத்திறனின் அலகு நியூட்டன் மீட்டர், வேலையின் அலகான ஜூலும் அதே நியூட்டன் மீட்டர்தான். அலகை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

பவர். நம் வீட்டில் கரண்ட் போனால் "பவர் போச்சு" என்போம். இயற்பியலில் பவர் என்பது திறன், ஒரு வினாடிக்குச் செய்யும் வேலை, அலகு வாட். ஆற்றல் எனர்ஜி, வேலை வொர்க். ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றாலும் மூட்டையின் மேல் செய்த வேலை பூஜ்யம், இடப்பெயர்ச்சி இல்லை.

கேள்வி கேட்கும் சொற்களும் இதில் சேரும். ஸ்டேட் என்றால் கூறுக, டிரைவ் (derive) என்றால் தருவி, டிஸ்டிங்குவிஷ் என்றால் வேறுபடுத்து, ரெஸ்பெக்டிவ்லி என்றால் முறையே. 'தருவி' என்று கேட்ட இடத்தில் வெறும் விதியை எழுதி வைத்துவிட்டு வந்தவள் நான்.

6. காந்தவியல்: மணவாளக்குறிச்சி மணலில் தொடங்குங்கள்

காந்தவியலை வெறும் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் மாவட்டத்தில் அதற்கு அவசியமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்து காந்தம் கழற்றித் தரச் சொல்லி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கேளுங்கள். எனக்குக் காசு வாங்காமலே தந்தார்கள். சாதாரண ஃபிரிட்ஜ் காந்தம் இதற்குப் போதாது. காந்தத்தை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். உறை இல்லாமல் போனால் ஒட்டிய மணலைச் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் பட்டை பட்டையாகக் கறுத்துக் கிடக்கும் இடத்தில் உறையைப் பைய இழுத்துப் பாருங்கள். கரும்பொடி ரோமம் போல எழுந்து ஒட்டும். வெள்ளை மணல் அப்படியே கிடக்கும். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். அங்கே இருக்கிற மணல் ஆலையிலும் கனிமங்களைப் பிரிக்கும் ஒரு வழி காந்தம்தான். உறைக்குள் இருந்து காந்தத்தை எடுத்தவுடன் பொடி உதிர்ந்துவிடும். மணலைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். அதில் கதிரியக்கம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும், வீட்டில் சேர்த்து வைக்கிற பொருள் அது இல்லை.

இப்போது சொற்கள். இரும்பு போல வலுவாக ஒட்டுவது ஃபெர்ரோ காந்தப் பொருள். இல்மனைட் போல வலுவான காந்தத்துக்கு மட்டும் வருவது பாரா காந்தப் பொருள். வெள்ளை மணலில் உள்ள குவார்ட்ஸ் டயா காந்தப் பொருள், அதைக் காந்தம் மிக மிக லேசாக விலக்கும், கண்ணுக்குத் தெரியாது. பொடி ரோமம் போல நின்ற திசை காந்த விசைக்கோடுகளின் திசை. அது அடர்த்தியாக நின்ற இரண்டு இடமும் துருவங்கள், ஆங்கிலத்தில் போல். சுற்றி உள்ள வெளி காந்தப்புலம், மேக்னெடிக் ஃபீல்டு, அலகு டெஸ்லா. ஒரு பரப்பு வழியாகச் செல்லும் விசைக்கோடுகளின் மொத்த அளவு காந்தப்பாயம், ஃப்ளக்ஸ், அலகு வெபர்.

ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை சுற்ற, உள்ளே கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே இயக்கம் நடக்கிறது. சுருள் வழியாகச் செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது, மின்சாரம் பிறக்கிறது. இது மின்காந்தத் தூண்டல், இண்டக்‌ஷன். சுருளில் உண்டாவது மின்னியக்கு விசை, ஈ.எம்.எஃப். கவனம்: பெயரில் விசை இருந்தாலும் அது விசை இல்லை. அலகு வோல்ட். ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு.

பிளஸ் டூவில் காந்தச் சரிவு என்று ஒன்று வரும். காந்த ஊசியை மேலும் கீழும் ஆட விட்டால் கிடைமட்டத்தில் இருந்து எவ்வளவு சரிகிறது என்பது. சென்னையில் அது சுமார் 14 டிகிரி. ஊசி சரியாமல் கிடைமட்டமாகவே நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால் கன்னியாகுமரியில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். திருவனந்தபுரம் பக்கத்தில் உள்ள தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம்.

7. வீடியோ பார்க்கும் முன்

தமிழ் என்று போட்டுத் தேடினால் இலங்கை ஆசிரியர்களின் பாடங்கள் நிறைய வரும். நன்றாகவே நடத்துவார்கள். ஆனால் சொற்கள் வேறு. அங்கே கதி என்றால் ஸ்பீடு, வேகம் என்றால் வெலாசிட்டி, ஆர்முடுகல் என்றால் முடுக்கம், சடத்துவம் என்றால் நிலைமம். சக்தி எனர்ஜி, வலு பவர். எல்லாவற்றையும் விட ஆபத்தானது நிறை. நமக்கு நிறை மாஸ், அவர்களுக்கு நிறை வெயிட், மாஸுக்குத் திணிவு என்பார்கள். நான் இந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் குழம்பினேன்.

எல்லைப் பக்கம் மலையாள வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு: பலம் என்று படித்தது இங்கே விசை, பிரவேகம் திசைவேகம், த்வரணம் முடுக்கம், ஜடத்வம் நிலைமம், பாரம் எடை. ஆக்கம் என்று படித்தது உந்தம். உங்கள் நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசின் சொற்குவை தளத்தில் தேடினால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பல தமிழ்ச் சொற்கள் வரும். பாடநூலில் இருக்கும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. எப்போது தொடங்குவது

பொதுத்தேர்வு முடிந்ததும் ஒரு வாரம் நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் முடிவு வரும் வரை காத்திருக்காமல் தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்றால் இந்த மூன்று பாடத்துக்கும் இரண்டு வாரம் போதும், இன்னும் இரண்டு வாரம் திருப்பிப் பார்க்க. ஜூனில் பள்ளி திறந்த பிறகு தொடங்கினால் வேதியியலும் கணிதமும் சேர்ந்துகொள்ளும், மூச்சு முட்டும்.

மூன்றாவது வாரத்தில் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களை எடுங்கள். அவற்றில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். இதைவிடச் சரியான அகராதி கிடையாது, காசும் இல்லை. தமிழ்ப் பகுதியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வாசியுங்கள், கேள்வி என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்லுங்கள், தாளை எடுத்துச் சரிபாருங்கள். விடை எழுத வேண்டாம், கேள்வி புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தம்பி முதல் நாள் பத்தில் நாலு சொன்னான், இருபதாம் நாள் ஒன்பது.

நீட் எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்று. விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த வினாத்தாள் கிடைக்கும், நம்மைப் போல நடுவில் மாறியவர்களுக்கு அது நல்லது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டு மையங்களுக்கானது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் பக்கமாக இருக்கிறதே என்று திருவனந்தபுரத்தை மையமாகப் போட்டுவிடுவதுண்டு. விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் அந்த வருடத் தகவல் கையேட்டில் மொழிக்கும் மையத்துக்கும் உள்ள அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, நாகர்கோவிலோ திருநெல்வேலியோ பார்த்துப் போடுங்கள்.